வெல்டிங்கில் ஷாக், சூடு, கண் எரிச்சல், காய்ச்சல்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

வெல்டிங் வேலையில் ஆபத்து பெரும்பாலும் முன்கூட்டியே தலைகாட்டிவிடும். மெஷின் பாடியில் கை பட்டால் சுருக்கென்கிறது. கிளாம்ப் தொட முடியாமல் சுடுகிறது. ராத்திரி கண் உறுத்துகிறது, இல்லையென்றால் குளிர்க்காய்ச்சல் வருகிறது. ‘வெல்டிங் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று அதைத் தள்ளிவிட்டு அடுத்த ராடை மாட்டுவதுதான் ஆளைக் கொல்கிறது. அந்தச் சின்னத் தொந்தரவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. மின்சாரமோ, வெளிச்சமோ, புகையோ, சூடோ தான் போகவேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போகிறது. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதற்காக எழுதியது இது.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ராடு வைத்துச் செய்யும் ஸ்டிக் வெல்டிங்கை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். கேஸ் விட்டுச் செய்யும் மிக், டிக் இரண்டும் மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். வெல்டிங் செய்யும் துண்டை ஜாப் என்றும், ராடைப் பிடிக்கும் கைப்பிடியை ஹோல்டர் என்றும், ஜாப்பில் மாட்டி மின்சாரத்தை மெஷினுக்குத் திருப்பும் பிடியைக் கிளாம்ப் என்றும் சொல்கிறேன். எதைச் சோதிப்பதற்கு முன்னும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அது உங்கள் கண்ணெதிரே கிடக்கும்படி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்தால், விஷயம் தெரியாத ஒருவர் வந்து போட்டுவிடுவார்.

ஒருவர் ஷாக்கில் மாட்டிக்கொண்டார்

முதலில் இது, ஏனென்றால் அந்த நேரத்தில் தேடிப் படிக்க முடியாது. அவரைத் தொடாதீர்கள். மெயின் சப்ளையை அணையுங்கள். அணைக்க வழியே இல்லை என்றால், காய்ந்த கட்டையால் ஹோல்டரையோ கேபிளையோ அவரிடமிருந்து தள்ளுங்கள். மூச்சும் அசைவும் இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடாமல் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஷாக்குக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பது வெளியே தெரியாது.

மெஷின் பாடியைத் தொட்டால் சுருக்கென்கிறது

இன்வர்ட்டர் மெஷினில் (எலக்ட்ரானிக்ஸ் வைத்த வெல்டிங் மெஷின்) இது அடிக்கடி நடக்கும். லேசான குறுகுறுப்புதான் என்பதால் பலரும் கண்டுகொள்வதில்லை. உள்ளே நடப்பது என்ன? இன்வர்ட்டர் மெஷின்கள் பலவற்றில் மின் இரைச்சலைத் தடுக்க, சப்ளை வயர்களுக்கும் பாடிக்கும் இடையே சிறிய கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் வயர் சரியாக இருந்தால், அந்தக் கெப்பாசிட்டர்கள் வழியே வரும் சொற்ப மின்சாரம் தரைக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் பாடி அந்தரத்தில் நின்று, சப்ளை வோல்டேஜில் ஏறக்குறைய பாதியைக் காட்டும். 230 வோல்ட் சப்ளை என்றால் மல்டிமீட்டரில் 115க்குப் பக்கத்தில் வரும்.

அந்தக் குறுகுறுப்பு ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லை என்பதை அது சொல்கிறது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரசி இன்சுலேஷன் போனால், முழு 230 வோல்ட்டும் பாடியில் வந்து நிற்கும், ஃபியூஸும் போகாது.

பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி ஸ்குருவிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிளக்கின் கழுத்திலும், மெஷினுக்குள் நுழையும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் வயர் அங்கேதான் பாதி அறுந்திருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும்தான் பெரும்பாலும் அறுகிறது. மெஷின் பக்கம் சரி என்றால் குற்றவாளி சாக்கெட். எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லாத சாக்கெட்டுகள் உண்டு. எக்ஸ்டென்ஷன் கேபிளையும் இதே மாதிரி பாருங்கள். இரண்டு வயர் மட்டுமே உள்ள எக்ஸ்டென்ஷனில் மெஷினை மாட்டவே கூடாது.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் பாடியில் ஷாக் அடித்தால், மெஷினை ஓரமாக வைத்து ‘ஓட்டாதே’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அது பழுது பார்ப்பவரின் வேலை.

ராடு மாற்றும்போது ஷாக் அடிக்கிறது

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நிற்கிறேன். வெல்டிங்கில் மின்சாரத்தால் நேரும் சாவுகளில் முக்கியமான வழி இது.

ஆர்க் (ராடு நுனிக்கும் ஜாப்புக்கும் நடுவில் எரியும் மின்சுடர்) எரியும்போது ராடுக்கும் ஜாப்புக்கும் இடையே 20, 30 வோல்ட்தான் இருக்கும். ஆர்க் அணைந்து மெஷின் சும்மா ஓடும்போது அது 60, 70, 80 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். ராடு மாற்றுவது சரியாக அந்த நேரத்தில்தான். வியர்வையில் ஊறிய உடம்பின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். ஏசி மின்சாரம் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 மில்லி ஆம்பியர் சில நொடி நெஞ்சு வழியாக ஓடினால் இதயம் தாளம் தப்பிவிடலாம். ‘80 வோல்ட்தானே’ என்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகிவிடும் என்று நம்பி வேலை செய்பவர்கள் நிறைய. இந்த ஷாக்குக்கு அது டிரிப் ஆகாது. மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், சப்ளைப் பக்கத்தையும் வெல்டிங் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. ராடில் கிளம்பி உங்கள் உடம்பு வழியாக ஜாப்புக்கும் கிளாம்புக்கும் திரும்பும் மின்சாரம் முழுக்க வெல்டிங் பக்கத்துக்குள்ளேயே சுற்றுகிறது. போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு அது கண்ணில் படாது. உங்களைக் காப்பது கையுறை, பூட்ஸ், காய்ந்த துணி, இவை மட்டும்தான்.

எனவே ஷாக் அடித்தால் முதலில் கையுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், ராடைப் பிடிக்கும் இடத்தில், தோல் தேய்ந்து ஈரமாக இருக்கும். காய்ந்த ஜோடி ஒன்று எப்போதும் மாற்றுக்கு இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அரை நாளுக்கு ஒரு ஜோடி என்றாலும் செலவில்லை. அடுத்து ஹோல்டர். தாடையின் மேலும் கீழும் இருக்கும் இன்சுலேட்டர் துண்டுகள் உடைந்து பித்தளை வெளியே தெரிகிறதா? கைப்பிடியைச் சுழற்றினால் ஆடுகிறதா? கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் கிழிந்து செம்பு தெரிகிறதா? டேப் சுற்றி ஓட்டாதீர்கள். சூட்டில் டேப் இளகிவிடும். ஹோல்டர் சூடானால் தண்ணீரில் முக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

எங்கே நின்று, எப்படிச் சாய்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஈரத் தரையில் மண்டியிட்டு, முதுகை இரும்பில் சாய்த்து, ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ராடு மாற்றுவது மோசமான நிலை. அடியில் காய்ந்த பலகை அல்லது ரப்பர் பாய் போடுங்கள். முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒன்று இருக்கட்டும். தொட்டிக்குள், பைப்புக்குள், மழை ஈரத்தில் வேலை என்றால் மெஷினையே மாற்றுங்கள். ஏசி மெஷின் வேண்டாம், டிசி மெஷின் எடுங்கள். அதிலும் வி.ஆர்.டி. வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. அது ஆர்க் இல்லாத நேரத்தில் வோல்டேஜை 35க்குக் கீழே இறக்கி வைத்து, ராடு ஜாப்பைத் தொட்டதும் ஏற்றிவிடும். மெஷினின் விவரத் தகட்டில் சதுரத்துக்குள் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால், அதிக ஷாக் அபாயம் உள்ள இடங்களில் பயன்படுத்தத் தகுந்த மின்வெளியீடு அதற்கு உண்டு என்று பொருள். அதற்காக மெஷினையே தொட்டிக்குள் இறக்கக் கூடாது, அது வெளியேதான் நிற்க வேண்டும்.

இரண்டு பேர் ஒரே ஜாப்பில் வேலை செய்கிறீர்களா? இரண்டு ஹோல்டருக்கும் இடையே இருக்கும் வோல்டேஜ், இணைப்பைப் பொறுத்து, ஒரு மெஷினின் வோல்டேஜைப் போல இரண்டு மடங்காகலாம். ஒருவர் ஹோல்டரை மற்றவர் வாங்கிக் கொடுப்பது, இரண்டையும் ஒரே கம்பியில் தொங்கவிடுவது எல்லாம் வேண்டாம்.

ஜாப்பையோ கிளாம்பையோ தொட்டவருக்கு ஷாக்

ஹெல்ப்பருக்குத்தான் இது அதிகம் நடக்கும். கிளாம்ப் கழன்று கீழே கிடக்கிறது என்று வையுங்கள். வெல்டர் அதைப் பார்க்காமல் ராடை ஜாப்பில் வைத்து உரசுகிறார், ஆர்க் வரவில்லை. அந்த நொடியில் ஜாப் முழுக்க ராடின் வோல்டேஜுக்கு வந்துவிட்டது. ‘கிளாம்ப் கழன்றிருக்கு’ என்று ஒருவர் வெறுங்கையால் அதை எடுத்து, மறுகையால் ஜாப்பைப் பிடித்துக்கொண்டு மாட்டப் போனால், அவர் உடம்புதான் சர்க்கியூட்டை முடிக்கும். இரண்டு கைக்கும் நடுவில் நெஞ்சு இருக்கிறது. ஆர்க் வரவில்லை என்றால் ராடை எடுத்துவிட்டு, மெஷினை அணைத்துவிட்டு, பிறகுதான் கிளாம்பைத் தொடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்ப் ஒழுங்காக இருந்தும் ஜாப்பைத் தொட்டவருக்குப் பலமாக அடித்தால், மெஷினுக்குள் சப்ளைப் பக்கமும் வெல்டிங் பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் சுருளின் இன்சுலேஷன் கருகி இப்படி ஆகும். உடனே சப்ளையை வெட்டுங்கள். எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) பார்க்கும்போது இரண்டு பக்கத்துக்கும் இடையே குறைந்தது 5 மெகாஓமும், ஒவ்வொரு பக்கத்துக்கும் பாடிக்கும் இடையே 2.5 மெகாஓமும் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் மெஷினில் மெகரை நேராக வைத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும், தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

கிளாம்ப், லக், கேபிள் ஜாயின்ட் சுடுகிறது

ஆர்க் நன்றாகத்தான் எரிகிறது, பீட் (வெல்டிங் கோடு) ஒழுங்காகத்தான் விழுகிறது, அப்புறம் ஏன் சுடுகிறது? 150 ஆம்பியரில் வேலை செய்கிறீர்கள், கிளாம்ப் துருவின் மேல் உட்கார்ந்து 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இழப்பது 3 வோல்ட்தான். ஆர்க்கில் அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் 3 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 450 வாட். ஒரு சின்ன ஹீட்டரின் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. பக்கத்தில் சாக்கோ, எண்ணெய்த் துணியோ இருந்தால் பற்றிக்கொள்ளப் போதும்.

எந்த இடம் சுடுகிறது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கும். கிளாம்பின் வாய் சுட்டால் ஜாப்பில் பெயின்ட், துரு. கிரைண்டர் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து மாட்டுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிளாம்பை மாற்றுங்கள். கிளாம்பின் வால் சுட்டால் லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காது) லூஸ். மெஷின் பக்கச் சாக்கெட் சுட்டால், பிளக்கைத் தள்ளிவிட்டுத் திருகி இறுக்காமல் விட்டிருக்கிறீர்கள். உள்ளே பித்தளை கருத்திருந்தால் இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டும். கேபிள் முழு நீளத்துக்கும் சூடு என்றால் கேபிள் ஒல்லி. 200 ஆம்பியர் வேலைக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுவது வழக்கம். நீளம் கூடினால் அதுவும் தடிக்க வேண்டும். முறுக்கிக் கட்டிய ஜாயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வேலை செய்வதும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவர் சொல்லாமல் வெல்டிங் பக்கமே வரக் கூடாது.

பக்கத்தில் இருக்கும் கருவியின் வயர் கருகுகிறது, செயினில் பொறி பறக்கிறது

வெல்டிங் மின்சாரம் கிளாம்ப் வழியாகத்தான் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி மோசமாக இருந்தால் அது வேறு வழி தேடும். கட்டிடத்தின் இரும்புத் தூணில் கிளாம்பை மாட்டிவிட்டு 20 மீட்டர் தள்ளி வெல்டிங் செய்தால், நடுவில் இருக்கும் எல்லா ஜாயின்ட்டும் அந்த மின்சாரத்துக்கு வழிதான். ஜாப்பின் மேல் வைத்த இரும்புப் பாடி டிரில்லின் எர்த் வயர், ஜாப்பைத் தூக்கி நிறுத்தியிருக்கும் செயின் பிளாக், கிரேன் ரோப், மோட்டாரின் பேரிங் எல்லாம் அதில் மாட்டும். ஒல்லியான எர்த் வயரில் 100 ஆம்பியர் ஓடினால் அது உள்ளேயே வெந்து அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் அந்த டிரில்லை எடுப்பவர் எர்த் இல்லாத கருவியைக் கையில் பிடிக்கிறார். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் பழுது செய்தவர் ஒருவர், ஷாக் வாங்குபவர் இன்னொருவர்.

கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில், அதே துண்டில் மாட்டுங்கள். தொங்கும் ஜாப்புக்கு ஹூக்கில் இன்சுலேட்டர் வேண்டும். வயர் கருகிய கருவி எதுவானாலும் எர்த் சோதித்த பிறகே திரும்பப் புழக்கத்துக்கு வரலாம். செயினில் பொறி பறந்திருந்தால் அந்தச் செயினைத் தூக்கும் வேலைக்குத் திரும்ப எடுக்காதீர்கள். பொறி பட்ட கண்ணியில் இரும்பின் பலம் கெட்டிருக்கும்.

டிரிப் ஆகிறது

எந்த சுவிட்ச் டிரிப் ஆகிறது என்று முதலில் பாருங்கள். ஆர்.சி.சி.பி. என்றால் எங்கோ கசிவு. எம்.சி.பி. என்றால் மின்சாரம் அளவுக்கு மீறுகிறது.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எக்ஸ்டென்ஷன் ஜாயின்ட் ஈரத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். அது காய்ந்திருந்தால் மெஷினுக்குள் கிரைண்டிங் தூள் போயிருக்கலாம். அது இரும்புத் தூள். மின்விசிறி உள்ளே இழுத்துக் கொண்டுபோய் சர்க்கியூட் போர்டின் மேல் படிய வைத்துவிடும். கிரைண்டரின் பொறி மெஷின் பக்கம் பறக்காதபடி இடத்தை மாற்றுங்கள். திறந்து சுத்தம் செய்வதானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மேனுவல் சொல்லும் நேரம், குறைந்தது 5 நிமிடம், காத்திருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் இன்வர்ட்டரின் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தங்கியிருக்கும். கை வைப்பதற்கு முன் மீட்டரில் பார்த்து, இறங்கிவிட்டதை உறுதி செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் கொடுத்து ஓட்டுவது பற்றி யாராவது பேசினால், அவரை வேலையிடத்திலிருந்து வெளியே அனுப்பலாம்.

எம்.சி.பி. ஆர்க் தொடங்கும் நொடியில் விழுந்தால் அதன் வகை பொருந்தவில்லை. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு விழுந்தால் சுமை அதிகம். இரண்டுக்கும் பெரிய எம்.சி.பி.யை மட்டும் மாட்டுவது தீர்வாகாது. அதற்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் வயர் அதே ஒல்லி வயர்தான், இனி எம்.சி.பி.க்குப் பதில் அது எரியும். எக்ஸ்டென்ஷன் ரீலை முழுதும் அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் நடுவில் சூடு தேங்கி உருகும்.

மெஷின் தானாக நின்று மஞ்சள் விளக்கு எரிந்தால் அது பழுதில்லை, ஓய்வு கேட்கிறது. விவரத் தகட்டில் 60% என்று இருந்தால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டிங், 4 நிமிடம் ஓய்வு. மெஷினை அணைக்காமல், மின்விசிறி ஓடும்படி விடுங்கள். ஆறுவதற்காக மூடியைக் கழற்றி வைக்காதீர்கள்.

ராத்திரியில் இரண்டு கண்ணும் மண் விழுந்தது போல உறுத்துகிறது

கண்ணில் வெல்டிங் அடித்துவிட்டது. வெளிச்சம் பட்டவுடன் வலிக்காது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதனால்தான் பகலில் தெரியாமல் போய் ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது. ஆர்க்கின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. பொதுவாக 1 முதல் 2 நாளில் அது தானே வளர்ந்து ஆறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், இருட்டில் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமை மேல் வையுங்கள். கைமருந்து எதையும் கண்ணுக்குள் ஊற்றாதீர்கள். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு நீங்களாகவே போடவும் கூடாது. வலி தெரியாமல் இருக்கும், ஆனால் புண் ஆறாது.

ஒரு கண்ணில் மட்டும் உறுத்தினால் அது வேறு கதை. ஆர்க் பட்டால் பொதுவாக இரண்டு கண்ணும் வலிக்கும். ஒரே கண் என்றால் ஸ்லாக்கோ (பீட் மேல் படியும் கசடு) கிரைண்டர் தூளோ குத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். பார்வை மங்கினாலும், 2 நாள் தாண்டியும் வலித்தாலும் அப்படியே.

இனி, எப்படிப் பட்டது என்று தேடுங்கள். முகமூடி போட்டிருந்தவருக்கும் பட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் வெளிச்சம் பக்கவாட்டிலோ பின்னாலோ வந்திருக்கும். பக்கத்து வெல்டரின் ஆர்க், பின்னால் இருக்கும் பளபளப்பான தகடு, வெள்ளைச் சுவர் எல்லாவற்றையும் பாருங்கள். தானாகக் கருக்கும் ஹெல்மெட்டைத்தான் பலரும் சந்தேகப்படுகிறார்கள். தரமான ஹெல்மெட்டில் கண்ணாடி கருக்காத நிலையிலும் புறஊதாக் கதிரை அது தடுத்துக்கொண்டுதான் இருக்கும். அது ஒரு நொடி தாமதித்தால் கண் கூசும், அவ்வளவுதான். ஆனால் சென்சாரைக் கையோ பைப்போ மறைத்து, ஆர்க் எரியும்போதே விட்டுவிட்டு வெளுத்தால் உடனே நிறுத்துங்கள். பேட்டரியைப் பாருங்கள், சென்சாரைத் துடையுங்கள். விரிசல் விட்ட கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்.

கண்ணாடியின் நம்பரும் ஆம்பியருக்குப் பொருந்த வேண்டும். ஸ்டிக் வெல்டிங்கில் 40 முதல் 80 ஆம்பியர் வரை 10ஆம் நம்பர், 175 வரை 11, 300 வரை 12. சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டேக் வைப்பது (துண்டு நகராமல் சின்னப் புள்ளியாக ஒட்டுவது), கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவது இரண்டும் ராத்திரி வலியில்தான் முடியும். ஜாப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்ப்பருக்கும் ஒரு ஹெல்மெட் கொடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது போதாது.

கழுத்திலும் முன்கையிலும் தோல் சிவந்து எரிந்தால் அதே கதிர்தான். மேல் பட்டனைப் போடுங்கள், சட்டைக் கையை இறக்குங்கள். பருத்தி அல்லது தோல் மட்டும். பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். டிக் வைத்து அலுமினியம் செய்யும்போது கதிர் இன்னும் பலமாக இருக்கும்.

வேலை முடிந்து சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல், வாயில் உலோக ருசி

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தீர்களா? துத்தநாகப் பூச்சு ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் 4 முதல் 10 மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், தாகம், உடம்பு வலி வரும். 1 முதல் 2 நாளில் இறங்கிவிடும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. வேலைக்கு முன்னால் குடித்தாலும் அது புகையைத் தடுக்காது.

இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கேட்மியம் பூசிய போல்ட், பிராக்கெட்டுகளின் புகையும் இதே மாதிரிதான் தொடங்கும். ஆனால் ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரை எடுத்துவிடும். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், இருமல் கூடிக்கொண்டே போனால் வீட்டில் படுக்காதீர்கள். மருத்துவமனையில், எந்த உலோகத்தில் என்ன பூச்சின் மேல் வெல்டிங் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாது.

தடுப்பது இப்படி. ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அதற்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். என்ன பூச்சு என்று தெரியாத மஞ்சள் மினுமினுப்புள்ள பொருளை வெல்டிங் செய்யாதீர்கள், கிரைண்டர் போட்டும் தேய்க்காதீர்கள். புகை மேலே எழும் வழியில் தலையை வைக்காதீர்கள். குனிந்து பார்க்கும்போது எல்லோர் முகமும் அங்கேதான் போகிறது, ஜாப்பைத் திருப்பி வைத்தாலே பாதி குறையும். புகை உறிஞ்சி இருந்தால் அதன் வாயை ஆர்க்கிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறி மட்டும் இருந்தால் பக்கவாட்டிலிருந்து வீசட்டும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் உதவாது. புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. ஹெல்மெட்டுக்கு உள்ளே அடங்கும் எஃப்.எஃப்.பி.2 (நுண்துகளை வடிகட்டும் மாஸ்க்கின் தரம்) அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்க் வேண்டும்.

காய்ச்சல் வராவிட்டாலும் புகை புகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. எஸ்.எஸ். வெல்டிங்கில் வரும் ஆறு இணைதிற குரோமியம் (குரோமியத்தின் ஒரு விஷ வடிவம்) அதில் தனியாகவே மோசமானது.

தொண்டை கரிக்கிறது, கிளீனர் போட்டுத் துடைத்த ஜாப்

எண்ணெய் பிசுக்கை எடுக்கும் சில கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். பெயர் ‘குளோரோ’ என்று வந்தால் அதுதான். ஆர்க்கின் சூட்டிலும் கதிரிலும் அந்த ஆவி உடைந்து பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும். புதிதாக வெட்டிய புல்லின் வாசனை போல லேசாக வரும். வாசனை தெரியாமலும் போகலாம். முதலில் தொண்டை கரிப்பு மட்டும் இருந்து, ஒரு நாள் வரைகூடத் தாமதித்து நுரையீரலில் நீர் கோக்கும். எனவே நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருங்கள். துடைக்க அசிட்டோன் எடுங்கள். அது பற்றக்கூடியது என்பதால் முழுதும் காய்ந்து, டப்பாவும் துணியும் தள்ளிப் போன பிறகு ஆர்க் போடுங்கள்.

தொட்டிக்குள் தலை சுற்றுகிறது

உடனே வெளியே வாருங்கள். கருவியைப் பிறகு எடுக்கலாம். மிக், டிக்கில் விடும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை, தொட்டியின் அடியில் தேங்கும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21% இருக்கும், 19.5%க்குக் கீழே போனால் அந்த இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆர்கானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூச்சு முட்டும் உணர்வையும் அது தராது. மிகக் குறைந்தால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டுவிடுவார். உள்ளே விழுந்தவரைப் பார்த்துப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளும் விழுகிறார். வெளியே நிற்பவரின் வேலை கயிறு இழுப்பதும் உதவி கூப்பிடுவதும்தான், இறங்குவது இல்லை.

அடுத்த முறை இறங்கும் முன் ஆக்சிஜன் மீட்டர், காற்று ஊதும் புளோயர், இடுப்புப் பெல்ட்டும் கயிறும், வெளியே ஒருவர். சாப்பாட்டு நேரத்தில் சிலிண்டர் வால்வை மூடி, டார்ச்சை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே கிடந்தால் மெல்லக் கசிந்து தொட்டியை நிரப்பிவிடும். காற்றோட்டத்துக்காக உள்ளே ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது மட்டும் எந்நாளும் கூடாது. ஆக்சிஜன் ஏறிய துணி ஒரு பொறியில் திகுதிகுவென்று எரியும்.

வேலை முடிந்த பிறகு எங்கோ கருகல் வாசனை

வாசனை எங்கிருந்து என்று தெரியும் வரை இடத்தை விட்டுப் போகாதீர்கள். பொறி 10 மீட்டருக்கு மேலும் ஓடும். தரை விரிசல், பைப் துளை, சுவரின் மறுபக்கம் எல்லாம் அதற்கு வழிதான். மரத்தூளிலோ பஞ்சிலோ விழுந்த பொறி தீயாகாமல் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். முன்பெல்லாம் வேலை முடிந்து 30 நிமிடம் காவல் இருப்பது வழக்கம்; இப்போது 1 மணி நேரம் என்று ஆக்கியிருக்கிறார்கள். தீயணைப்பானோடு ஒருவர் அந்த நேரம் முழுக்க இருக்கட்டும். வெல்டிங் செய்தது சுவரில் என்றால் அடுத்த அறையிலும், மாடியில் என்றால் கீழேயும் ஒருவர் வேண்டும். லைட்டர் பாக்கெட்டில் இருந்தால் வேலைக்கு முன்பே எடுத்து வெளியே வையுங்கள்.

காலி டிரம்மைத் தட்டினால் காலி, மூக்கை வைத்தால் வாசனை

அதன் மேல் ஆர்க் போடாதீர்கள். எண்ணெயோ பெயின்ட்டோ தின்னரோ இருந்த டிரம்மில், மடிப்புகளில் ஒட்டியிருக்கும் சில துளி போதும். சூட்டில் அது ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து, டிரம்மின் மூடியையே பிய்த்து எறியும். டீசல் பற்றாது என்று நினைத்து டீசல் டேங்க்கில் வெல்டிங் செய்து இறந்தவர்கள் உண்டு. சாதாரண வெப்பத்தில் அது எளிதில் பற்றாதுதான், ஆர்க்கின் சூட்டில் அது பொருந்தாது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும் என்பதும் சரியில்லை. ஆவியடித்துக் கழுவி, உள்ளே இருக்கும் காற்றில் பற்றக்கூடிய ஆவி இல்லை என்று அதற்கான மீட்டரில் அளந்து, தெரிந்த ஒருவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் மட்டும் செய்யலாம். அந்த வசதி இல்லை என்றால் அந்த வேலையை வாங்காதீர்கள், டிரம்மைத் திருப்பி அனுப்புங்கள்.